சோபாவுக்கு ஒரு காது

தெருவில் எல்லோரும் அவரைச் சோபாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த சோபா, குழி விழுந்த நாற்காலி, ஸ்பிரிங் குத்தும் மெத்தை எதுவானாலும் அவர் பட்டறைக்கு வந்தால் புதிதாகித் திரும்பும். கீழே பட்டறை, மேலே வீடு. மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்பே சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

சோபாக்காரர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. அதற்கு அவரிடம் நல்ல சாக்கு ஒன்று இருந்தது. பொடி ஆணிகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக முன்னுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலின் முனையில் ஒட்டவைத்து, டப்பென்று அடிப்பார். யாராவது ஏதாவது கேட்டால் வாயைத் திறந்து ஆணியைக் காட்டிவிடுவார். கேட்டவர் போய்விடுவார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி தினம் என் பஸ்லதான் ஏறுவார். எனக்குப் பின்னாடி முதல் சீட்ல உட்காருவார். ஒரு நாளாவது வாயைத் திறக்கணுமே! கடைசியில நானே கேட்டுட்டேன், எங்கதாங்க இறங்கணும்னு. 'நீங்க சொல்ற இடத்துல'ன்னார். பேச வேண்டியதையெல்லாம் அன்னிக்கே பேசி முடிச்சுட்டார் மனுஷன்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கையும் காலும் சும்மா இருக்காது. தவழத் தொடங்கியதுமே மேஜைக்கு அடியில் புகுந்து நூல்கண்டை உருட்டிவிடும். அதனால் அவளுக்கு வாலு என்று பெயர் வந்தது. ஆனால் அப்பா பக்கத்திலேயே சுத்தியலால் அடித்தாலும் வாலு தூங்கிக்கொண்டே இருந்தாள். "எவ்வளவு சமத்து பாருங்க" என்று வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள். அம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. ஒரு நாள் பேருந்து ஹாரனையே குழந்தையின் முதுகுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தாள். டிப்போ முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாலு மட்டும் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

பரிசோதனைகள், காதுக் கருவி, அதில் பயனில்லை என்று தெரிந்த நாள், அன்று வீட்டில் யாரும் சாப்பிடாமல் படுத்தது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து போயின. பிறகு அறுவை சிகிச்சை. இரண்டு பக்கமும் தோலுக்குள் ஒரு சின்னக் கருவி. வெளியே காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு இயந்திரம். அதிலிருந்து ஒரு சின்ன ஒயர், ஒயரின் முனையில் பொத்தான் போல ஒரு காந்த வட்டு. தலையில் சரியான இடத்தில் வைத்தால் சிக்கென்று பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அதை ஆன் செய்த நாளில் அம்மா போனைக் கையில் பிடித்துத் தயாராக நின்றாள். முதல் சத்தம் கேட்டதும் குழந்தைகள் கண்ணை அகல விரித்துச் சிரிக்கிற வீடியோக்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். வாலு சிரிக்கவில்லை. வீறிட்டு அழுதாள். இரண்டு வட்டுகளையும் பிய்த்து எறிந்தாள். ஒன்று போய் இரும்பு பீரோவில் ஒட்டிக்கொண்டது. அந்த வீடியோவில் டாக்டரின் செருப்பும் மேஜைக் காலும்தான் பதிவாகியிருந்தன.

பேச்சுப் பயிற்சி டீச்சர் ஆறுதலாகப் பேசினார். "காது இப்பதான் பொறந்திருக்கு. எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு அதுக்குத் தெரியாது. நாமதான் ஊட்டணும். அவ முழிச்சிருக்கிற நேரமெல்லாம் பேசுங்க. என்ன செய்றீங்களோ அதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. பகல்ல குழந்தையோட யார் இருப்பாங்க?"

அம்மா மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"பேசுவீங்களா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் பலமாகத் தலையாட்டினார்.

"தலையாட்டினா குழந்தைக்குக் கேக்காது சார்."

மறுநாள் காலை சோபாக்காரர் ஆணி டப்பாவைத் திறந்தார். கை வாய்வரை போய் நின்றது. ஆணிகளைத் திரும்பக் கொட்டிவிட்டு, ஆணி இல்லாமலே துணியைப் பதிக்கிற, அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஸ்டேப்ளர் கன்னை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வாலு தரையில் உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா... கத்திரி எடுக்கிறேன்" என்றார். யாரோ ஒட்டுக்கேட்பது போல வாசலைப் பார்த்துக்கொண்டார். "துணி... வெட்டுறேன்."

அந்த ஒரு நாள் பேசியதிலேயே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை. வாரங்கள் போகப் போக வார்த்தைகள் பழகின. "இது பழைய பஞ்சு. எவ்வளவு அழுக்கு பாரேன்! தூக்கிப் போடலாமா? போட்டாச்சு. இப்ப புதுப் பஞ்சு. அப்பா அமுக்குறேன். பொஃப்!" நாற்காலியை அளக்கச் சொல்ல வந்த ஒரு அம்மாள், "யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். குழந்தை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் எதிரே ஒரு மூன்று கால் ஸ்டூல்தான் இருந்தது. அசடு வழிந்தார். பிறகு அதுவும் பழகிவிட்டது. குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டூலிடம் நலம் விசாரிப்பார். உடைந்த கை உள்ள நாற்காலிக்குத் தைரியம் சொல்வார்.

"என்கிட்ட இத்தனை வருஷமா பேசாம சேர்த்து வச்சதையெல்லாம் சோபாகிட்ட கொட்டுறார்" என்று மனைவி டிப்போவில் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை.

குழந்தையிடமிருந்துதான் ஒரு பதிலும் வரவில்லை. காலையில் மாட்டுவார்கள், பிய்த்துப் போடுவாள், மறுபடி மாட்டுவார்கள். மாதங்கள் போயின. சில நாட்கள் அவருக்கே சலித்துவிடும். கிணற்றுக்குள் கத்துவது போல இருக்கும். கிணறாவது எதிரொலிக்கும் என்று நினைத்துக்கொள்வார். ஆனாலும் அடுத்த நாள் கத்திரியை எடுக்கும்போது வாய் தானாகவே பேச ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் பழைய சோபா ஒன்றிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தார். "இப்ப அப்பா கிழிக்கப் போறேன். பார்த்துக்கோ..." என்று ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். பர்ர்ர்ரென்று நீளமாகக் கிழிந்தது.

அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வாலு சட்டென்று திரும்பினாள்.

அவர் கிழிப்பதை நிறுத்தினார். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார். அவள் மறுபடி விளையாட்டில் மூழ்கட்டும் என்று காத்திருந்து, இன்னொரு துண்டைக் கிழித்தார். மறுபடி திரும்பினாள். இந்தத் தடவை கண் துணியைத் தேடியது. மூன்றாவது முறை கிழித்தபோது எழுந்து, தடுக்கி விழுந்து, தவழ்ந்தே வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். துணியில் கையை வைத்தாள். கிழித்தார். கைகொட்டிச் சிரித்தாள்.

"இன்னும் வேணுமா? இன்னும்? இன்னும்?" என்று கேட்டுக்கேட்டுக் கிழித்தார். பழைய துணி தீர்ந்தது. மிச்சத் துண்டுகள் தீர்ந்தன. வாலு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, "இன்னூ" என்றாள்.

அம்மா வேலை முடிந்து வந்தபோது பட்டறை முழுவதும் நாடா நாடாவாகத் துணி கிடந்தது. நடுவில் அப்பாவும் மகளும். அவர் கையில், ஒரு வாடிக்கையாளர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்திருந்த நீலப் பூப்போட்ட துணிச்சுருள். அதில் பாதி போயிருந்தது.

"என்னங்க இது!" என்று கத்தினாள்.

"பேசாம உட்காரு. கேளு" என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் ஒரு முழம் கிழித்தார்.

"இன்னூ!" என்றாள் வாலு.

அம்மா தொப்பென்று துணிக்குவியலின் மேல் உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "குடுங்க, நானும் ஒண்ணு கிழிக்கிறேன்" என்று கையை நீட்டினாள்.

அதன் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்டேப்ளர் அடித்தால் "டப்பு." அம்மா படியேறும் சத்தத்துக்கு "ம்மா." பிடிக்காததுக்கெல்லாம் "போ." திட்டு விழும் போலிருந்தால் இரண்டு வட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பரம சாதுவாகப் பார்க்கவும் கற்றுக்கொண்டாள். மூன்று வயது தாண்டியும் வார்த்தைகளைச் சேர்த்துப் பேசுவது மட்டும் வரவில்லை. ஒரு வார்த்தை, கூடிப்போனால் இரண்டு. "வரும், அவசரப்படுத்தாதீங்க" என்றார் டீச்சர். பெற்றவர்களுக்கு அவசரப்படாமல் இருப்பது அவ்வளவு லேசா?

அன்று ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போக வேண்டிய நீள சோபா தயாராகிக்கொண்டிருந்தது. நோயாளிகள் நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள் என்று டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். சோபாக்காரர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார். அடியில் ஸ்பிரிங்குகள் தெரிந்தன. மேலே கறுப்புத் துணி ஒன்றை இழுத்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் வேலை முடிந்தது.

"இதோ பாரு சோபா, இன்னிக்கு நீ புது இடத்துக்குப் போறே. நிறைய பேர் வந்து உட்காருவாங்க. பல்லு வலிக்குற ஆளுங்க. மெத்துன்னு தாங்கிக்கணும், சரியா?" என்று அதன் காலைத் தட்டிக்கொடுத்தார். வாலு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. வேனோடு வந்தது மனைவியின் தம்பி. சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. சோபாக்காரர் வெளியே போய், "வா மச்சான், வா, வா, இன்னும் வா... போதும், சுவரை இடிச்சுடாதே!" என்று வண்டியைப் பின்னால் எடுக்க வைத்தார். உள்ளே வந்து கறுப்புத் துணியை அடித்தார். இருவரும் சோபாவைப் புரட்டித் தூக்கி ஏற்றினார்கள். வேன் போயிற்று. வாலு கையாட்டினாள்.

சாப்பாடு ஊட்டும்போதுதான் அவர் பார்த்தார். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினால் இடது காது வெறுமையாக இருந்தது. கருவி இல்லை, ஒயர் இல்லை, வட்டு இல்லை.

அவர் பதறி எழுந்தார். ஆனால் பேசும் பழக்கம் விடவில்லை. "அப்பாவுக்கு இப்ப பயமா இருக்கு. அப்பா தேடுறேன். மேஜைக்கு அடியில தேடுறேன். இல்லை. மூட்டையைக் கொட்டுறேன். பஞ்சுதான் இருக்கு. ஐயோன்னு சொல்றேன். ஐயோ!" காந்தச் சுத்தியலைக் கையில் பிடித்துத் தரை முழுவதும் தவழ்ந்தார். ஒட்டியது பழைய ஆணிகளும் ஒரு சட்டை ஊக்கும்தான். வாலு அவர் பின்னாலேயே தவழ்ந்தாள். அவளுக்கு இது நல்ல விளையாட்டு.

கடைசியில் அவளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்து, வலது காதுப் பக்கமாகக் குனிந்து கேட்டார். "வாலு, உன் காது எங்கே?"

"தோபா" என்றாள்.

"எந்த சோபா?"

வாசலைக் காட்டினாள். வேனில் போன சோபா! "சோபாவுல வச்சியா? ஏம்மா வச்சே?"

வாலு அவரைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்து, கையை ஆட்டிச் சொன்னாள்.

"அப்பா பேசுறே. நிறைய பேசுறே. தோபாக்குக் கேக்கல. பாவம் தோபா. பாப்பா காது குடுத்தேன்."

சோபாக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காணாமல் போன கருவி ஒரு நிமிஷம் மனதை விட்டே போய்விட்டது.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"தோபாக்குக் கேக்கல!" என்றாள் வாலு, அப்பாவுக்கும் காது கேட்கவில்லையோ என்ற சலிப்போடு.

பிறகுதான் அவருக்குக் கையும் காலும் ஓடின. மச்சானுக்குப் போன் போட்டார். "மாமா, சோபாவை இறக்கிட்டேனே! அதுல நாலு பேர் உட்கார்ந்தும் ஆச்சு" என்றான் அவன். "பரவாயில்லை, திரும்ப வா, எங்களை ஏத்திக்கிட்டுப் போ!" மனைவியைக் கூப்பிட்டார். வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். குரல் பதிவு அனுப்பினார். சோபா கவிழ்ந்து கிடந்ததிலிருந்து குழந்தை சொன்னதுவரை ஒன்று விடாமல் சொன்னார். வேன் வந்து வாசலில் நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் சோபா நிறைய ஆட்கள். நடுவில் பெரிய மீசைக்காரர் ஒருவர், வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றார் சோபாக்காரர். "உங்களுக்கு அடியில என் பொண்ணு காது இருக்கு."

மீசைக்காரர் வலியையும் மறந்து துள்ளி எழுந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் முகமூடியும் கையுறையுமாக வெளியே வந்தார். சோபாக்காரர் மூச்சு விடாமல் விளக்கினார். டாக்டர் வாலுவைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். "கவுத்துங்க" என்று தானே ஒரு முனையைப் பிடித்தார்.

"லைட்டை அணைங்க" என்றார் சோபாக்காரர். "தலையில இல்லேன்னா அதுல ஒரு விளக்கு சிமிட்டும்."

யாரோ அணைத்தார்கள். திரைச்சீலையை யாரோ இழுத்துவிட்டார்கள். அரையிருட்டில் எல்லோரும் சோபாவைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கறுப்புத் துணிக்கு அடியில், ஒரு ஓரமாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கி மறைந்தது. மறுபடி மினுக்கியது.

"அதோ!" என்று கத்தினார் மீசைக்காரர், கன்னத்தை விட்டுவிட்டு.

சோபாக்காரர் குறட்டால் ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கித் துணியை விலக்கினார். வட்டு ஒரு ஸ்பிரிங்கின் உள்ளே கெட்டியாக ஒட்டியிருந்தது. ஒயர் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய தடித்த விரல்கள் அவ்வளவு ஆழத்துக்குப் போகவில்லை. இழுத்தால் ஒயர் அறுந்துவிடும்.

"நகருங்க. இது என் வேலை" என்றார் டாக்டர். உள்ளே போய் நீள இடுக்கியும் நெற்றி விளக்குமாக வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் தூக்கி, மெதுவாக வெளியே எடுத்தார். "வந்துடுச்சு!" எல்லோரும் கைதட்டினார்கள்.

சோபாக்காரர் கருவியைத் துடைத்து வாலுவின் காதுக்குப் பின்னால் மாட்டினார். வட்டு சிக்கென்று ஒட்டியது. வலது பக்கத்துக் கருவியைக் கழற்றிவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, காலையில் வழக்கமாகச் சோதிப்பது போல மெல்லச் சொன்னார். "ஆ."

"ஆ" என்றாள்.

"ஈ... ஊ... ம்... ஷ்..."

எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். காத்திருக்கும் அறையே வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

"ஸ்" என்றார்.

"ஸ்" என்று ஒரு குரல் வந்தது. மீசைக்காரர்! வலி மறுபடி வந்துவிட்டது போல. வாலு அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாப்பாதான் சொல்லணும்" என்று கண்டித்து, "ஸ்ஸ்ஸ்" என்றாள்.

வலது பக்கத்தையும் திரும்ப மாட்டும்போது போன் அடித்தது. மனைவி. "கிடைச்சுதா? பதிவு கேட்டேன். கடைசி ஸ்டாப்புல நிக்கிறேன். அவகிட்ட குடுங்க!"

போனில் இதுவரை வாலு எதையும் புரிந்துகொண்டதில்லை. முகம் தெரியாத குரல் அவளுக்கு வெறும் இரைச்சல். ஆனாலும் ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டினார்.

"வாலூ! அம்மா பேசுறேன்டா!"

வாலு போனைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். "ம்மா?" என்றாள். "ம்மா, எங்கே?"

"பஸ்ல இருக்கேன் கண்ணு!"

"பஸ்" என்றாள் வாலு. முகம் மலர்ந்தது. "ம்மா பஸ்!"

அந்தப் பக்கமிருந்து கண்டக்டரின் குரல் வந்தது: "அழுறாங்க சார். சந்தோஷத்துலதான். வண்டி எடுக்க நேரமாச்சு, வச்சிடுறேன்."

சோபாக்காரர் துணியைத் திரும்ப இழுத்து அடிக்க உட்கார்ந்தார். அடிக்கும் முன் சோபாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மகள் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். இன்னொரு காதையும் கழற்றிக் கொடுத்துவிட்டால்?

மாலையில் அம்மா வந்தபோது வாலு மாடிப்படியின் உச்சியிலேயே காத்திருந்தாள். அம்மா பாதிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். தொப்பிகூடக் கழற்றவில்லை.

"எனக்கும் சொல்லு. என்ன ஆச்சு?"

வாலு கண்ணை உருட்டினாள். "தோபா அழுதுச்சு."

"ஐயையோ!"

"டாக்டர் வந்தார். தோபா பல்லு புடுங்கினார்."

சோபாக்காரர் கீழேயிருந்து, "அப்படி இல்லம்மா, அது வந்து..." என்று தொடங்கினார். மனைவி திரும்பாமலே கையைக் காட்டி அவரை அடக்கினாள். இதுவரை நடந்ததைக்கூட முழுசாகச் சொல்லத் தெரியாத பெண், இப்போது நடக்காததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள் அம்மா, இன்னும் ஒரு படி மேலே ஏறி.

வாலு யோசித்தாள். "அப்புறம் மீசை மாமா ஓடிட்டார்" என்றாள்.